கறுத்த சேற்றில் சிலியேற்று தேடுவது எப்படி

யாழ்ப்பாணத்தில் பண்ணைப் பக்கமோ தொண்டைமானாற்றுக் கரையிலோ சேற்றை விரலால் கிண்டினால் மேலே சாம்பல் நிறம், கொஞ்சம் கீழே கறுப்பு, கூடவே அழுகின முட்டை மணம். எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகுகிற அந்தக் கறுப்பில்தான் ஒட்சிசன் இல்லாமலே வாழும் சிலியேற்றுகள், அதாவது உடம்பில் உள்ள நுண்ணிய பிசிர்களால் நீந்தும் ஒருகல உயிர்கள், இருக்கின்றன. களப்பு என்றாலே மீன், இறால், வெளிநாட்டுப் பறவை என்று பேச்சு முடிந்துவிடுவது எனக்குப் பெரிய ஆதங்கம். பார்க்கப் பள்ளிக்கூட நுணுக்குக்காட்டி ஒன்றே போதும்.

சின்னப் போத்தல் ஒன்றைச் சேற்றுக்குள் அமுக்கிக் கால்வாசி கறுத்த சேறு எடுங்கள், மிச்சத்துக்கு அதே இடத்துத் தண்ணீர், விளிம்பு வரை நிரப்பித் தண்ணீருக்குள் வைத்தே மூட வேண்டும், காற்றுக்குமிழ் நின்றால் திரும்ப நிரப்புங்கள். கிணற்றுத் தண்ணீர் சேர்க்கவே வேண்டாம், உப்பளவு சட்டென்று குறைந்தால் கலம் ஊதி வெடித்துவிடும். வெயில் படாமல் கொண்டுவந்து அன்றைக்கே பாருங்கள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

கறுப்பும் சாம்பலும் சந்திக்கிற இடத்திலிருந்து ஒரு துளியைக் கண்ணாடித் தட்டில் விட்டு, மெல்லிய மூடிக் கண்ணாடி வைத்து, ஓரத்தை வசிலினால் அடைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். துளிக்குள் இருக்கிற பற்றீரியாக்கள் ஒட்சிசனைத் தின்று தீர்க்க, ஓரத்தில் காற்றுப் பட்ட பக்கத்தை விட்டுச் சிலியேற்றுகள் நடுவுக்கு வரும். அதனால் தேடலை நடுவில் தொடங்குங்கள்.

முதலில் மெட்டோபஸ் என்ற சிலியேற்றைத் தேடுங்கள். பிழிந்த ஈரத்துணி மாதிரி உடம்பே முறுகியிருக்கும், சுழன்று சுழன்று நீந்தும். முன்பக்கம் வாய்க்கு மேலே ஒரு கூரை கவிந்திருக்கும், அதன் விளிம்போடு அடர்ந்த பிசிர்ப் பட்டி ஓடும், வழக்கமாக 5 வரிசை. அதற்குப் பக்கத்தில் வாய்ப்பிசிர்த் தகடுகள் சரிந்து சுற்றி உள்ளே இறங்கும். பின்முனையில் சுருங்கும் வெற்றிடம் (மேலதிகத் தண்ணீரை வெளியேற்றும் பை), சிலவற்றில் நீண்ட வால்பிசிர்கள். இந்தப் பட்டியையும் வாய் சுற்றும் திசையையும் கட்டாயம் வரைந்து வையுங்கள், உடம்பின் வெளித்தோற்றத்தை நம்பிப் பெயர் வைத்தால் ஏமாற்றும். மணி வடிவில், பின்னால் முள்ளோடு துள்ளுவது கண்ணில் பட்டால் அது சீனோமோர்பாவாக இருக்கலாம். அதை நன்னீர்க் குளத்து அடிச்சேற்றிலும் தேடிப் பாருங்கள்.

உள்ளே நடப்பதுதான் எனக்கு மிகப் பிடித்தது. மூச்சுவிட ஒட்சிசன் இல்லாததால் இவற்றின் இழைமணி (கலத்துக்குச் சக்தி கொடுக்கும் உறுப்பு) ஐதரசன் வெளியிடும் ஐதரசனோசோமாக மாறியிருக்கிறது. அந்த ஐதரசனை, கலத்துக்குள்ளேயே குடியிருக்கும் ஆர்க்கியாக்கள் (பற்றீரியா மாதிரித் தெரிந்தாலும் வேறான நுண்ணுயிர்கள்) வாங்கி மெதேன் ஆக்குகின்றன. பல்கலைக்கழகத்தில் தெரிந்த ஆள் இருந்தால் ஒளிர்வு நுணுக்குக்காட்டியில் 420 நானோமீற்றர் அளவிலான ஊதா ஒளி போட்டுப் பாருங்கள், சாயம் எதுவும் இல்லாமலே அந்த ஆர்க்கியாக்கள் நீலப்பச்சையாக ஒளிரும்.

இழைமணிதான் மாறியது என்பதற்குச் சான்று கரப்பான்பூச்சியின் பின்குடலில் கிடைத்தது: அங்கே வாழும் நிக்டோதீரஸ் என்ற சிலியேற்றின் ஐதரசனோசோமுக்குள் இன்னும் டிஎன்ஏ இருக்கிறது என்று 1998 இல் காட்டினார்கள். நிக்டோதீரஸ் மெட்டோபஸுக்குக் கிட்டின உறவு, சுதந்திரமாக வாழ்ந்த மூதாதையரிலிருந்து குடலுக்குள் போன கிளை அது. ஆனால் உப்புச் சேற்றில் மெட்டோபஸுக்குப் பக்கத்திலேயே நீந்தும் பிளாஜியோபைலா என்ற சிலியேற்றுக்கும் ஐதரசனோசோம் உண்டு, அதற்குள்ளும் ஆர்க்கியா உண்டு, அப்படியிருந்தும் அது கூர்ப்பு மரத்தில் தூரத்துக் கிளை, பரமீசியத்துக்குக் கிட்டவான பக்கம். ஒட்சிசன் இல்லாத வாழ்வுக்குச் சிலியேற்றுகள் பல தடவை தனித்தனியாகப் போயிருக்கின்றன. ஆகவே ஒரே துளியில் கிடைத்தன, ஒரே மாதிரி வாழ்கின்றன என்பதற்காக உறவு சொல்லாதீர்கள்.

உறவைத் தீர்மானிக்கப் பிசிர் வரிசைகளைக் காட்டும் வெள்ளிச் சாயமும் 18எஸ் மரபணுவும் (இனங்களை ஒப்பிட்டு உறவு பார்க்கும் றைபோசோம் மரபணு) சேர்ந்து வேண்டும். அந்த வசதி கிடைக்கும் வரை ஒவ்வொரு வகையிலும் சில கலங்களைக் குழாயியால் தனியாக எடுத்து, சேறு போக வடித்த களப்புத் தண்ணீரில் கழுவி, எதனோலில் போட்டு வையுங்கள். குப்பியில் இடம், திகதி, தண்ணீரின் உப்பளவு மூன்றையும் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை எதனோலில் அழிந்துவிடும்.