சர்க்கரை உள்ள பெரியவர்களுக்கு மறதி வரும்போது வீட்டில் நடக்கும் தவறுகள்

சர்க்கரை வியாதி எதையெல்லாம் கெடுக்கும் என்று தஞ்சாவூர்ப் பக்கம் யாரைக் கேட்டாலும் கண், கிட்னி, கால் புண் என்று வரிசையாகச் சொல்வார்கள். அந்த வரிசையில் மூளையைச் சேர்ப்பவர்கள் குறைவு. இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ளவர்களுக்கு டிமென்ஷியா, அதாவது நினைவும் யோசிக்கும் திறனும் தேய்ந்துபோகும் நோய், வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. மூளையின் ரத்தக் குழாய்கள் கெடுவதால் வரும் வகைக்கு வாய்ப்பு அதைவிடவும் கூடுதல். உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆனால் உடல் செலவழிக்கும் சக்தியில் சுமார் 20 சதவீதம் அதற்கே போகிறது. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் மெல்லிய குழாய்களை வருஷக்கணக்கில் சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்து அரித்தால், தண்ணீர் எட்டாத கடைமடை வயல் மாதிரி மூளையின் உட்பகுதி அங்கங்கே காயத் தொடங்குகிறது.

சர்க்கரை உள்ள எல்லோருக்கும் இது வந்தே தீரும் என்பதில்லை. ஆனால் வந்துவிட்ட வீடுகளில் ஒரு விஷயத்தை யாரும் யோசிப்பதில்லை. வேளைக்குச் சாப்பிடுவது, சரியான மாத்திரையை எடுப்பது, ஊசி அளவைப் பார்ப்பது, உடம்பு என்னவோ செய்கிறதே என்று உணர்வது, எல்லாமே மூளை பார்க்கிற வேலை. அந்த மூளை தளர்ந்த பிறகும் பழைய மருந்துச் சீட்டு அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. கீழே சொல்லப்போகும் தவறுகளில் பாதி இதிலிருந்து முளைப்பவைதான்.

முதலில், தப்பான அடையாளத்துக்குக் காத்திருப்பது. பேரன் பெயரை மறந்தால்தான் மறதி நோய் என்று பலர் நினைக்கிறார்கள். சர்க்கரையோடு வரும் தளர்ச்சி பல நேரம் அப்படி ஆரம்பிப்பதில்லை. யோசிக்கும் வேகம் குறையும். ஒன்றன்பின் ஒன்றாகத் திட்டமிட்டுச் செய்யும் வேலையில் தடுமாற்றம் வரும். குறுவைக்கும் சம்பாவுக்கும் நடவுக் கூலி, உரம், அறுவடை மெஷின் வாடகை எல்லாவற்றையும் மனக்கணக்கிலேயே வைத்திருந்தவர், கூட்டுறவுச் சங்கத்தில் கட்டிய தவணையை மறுபடி கட்டக் கிளம்புவார். பத்துப் பேருக்கு அலட்டாமல் சமைத்த அம்மா நாலு பேர் சமையலில் திணறுவார். பேச்சு மட்டும் நன்றாகவே இருக்கும். அதனால்தான் சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருக்கும் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. ‘சாப்டியாப்பா, நான் நல்லா இருக்கேன்’ என்று சொல்லப் பெரிய மூளை உழைப்பு தேவையில்லை. போன் பேச்சை நம்பாமல், ஊருக்கு வரும்போது மாத்திரை அட்டையையும் மின்கட்டண ரசீதையும் பாருங்கள். 65 வயது தாண்டிய சர்க்கரைக்காரர்களுக்கு வருடம் ஒருமுறை நினைவுப் பரிசோதனை வேண்டும் என்பது அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டல். பேசியும் வரையச் சொல்லியும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிகிற பரிசோதனை. பள்ளிப்படிப்பு குறைவானவர் என்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இல்லாத நோய் இருப்பதாக மதிப்பெண் காட்டும்.

அடுத்தது என் கணக்கில் எல்லாவற்றையும்விடப் பெரியது: தாழ்சர்க்கரையை மறதி என்று எடுத்துக்கொள்வது. பெரியவர் மதியம் சாப்பிட மாட்டேன் என்கிறார், சம்பந்தமில்லாமல் பேசுகிறார், காரணமில்லாமல் மருமகள்மேல் எரிந்து விழுகிறார். ‘முத்திப் போச்சு’ என்று வீடு முடிவு கட்டிவிடுகிறது. விரலைக் குத்திப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. வயதில் சின்னவர்களுக்கு சர்க்கரை இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், பசிக்கும். வெகுகாலம் சர்க்கரை உள்ள வயதானவர்களுக்கு அந்த எச்சரிக்கைகள் மழுங்கிப்போய், குழப்பமும் கோபமும் தூக்கக் கலக்கமும் மட்டுமே தெரியலாம். பிரஷருக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் மாத்திரை போடுபவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் மறைந்துவிடும். 70க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. 54க்குக் கீழே போனால் ஆபத்து. இது இரண்டு பக்கமும் வெட்டும். கடுமையான தாழ்சர்க்கரை வந்தவர்களுக்குப் பின்னாளில் டிமென்ஷியா அதிகமாக வருவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன; டிமென்ஷியா வந்தவர்களுக்குத் தாழ்சர்க்கரை அடிக்கடி வருகிறது.

அந்த நேரத்தில் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இன்னும் 70க்குக் கீழே என்றால் இன்னொரு முறை, அப்புறம் சாப்பாடு. வீட்டில் திருவையாறு அசோகா இருந்தாலும் அப்போது அது வேண்டாம். நெய் சேர்ந்த இனிப்பு மெதுவாகத்தான் ஏறும். வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் கலந்த மாத்திரை போடுபவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரையும் சீக்கிரம் வேலை செய்யாது, குளுக்கோஸ்தான் வேண்டும். நினைவில்லாமல் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐக் கூப்பிடுங்கள். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளால் இறங்கிய சர்க்கரை, தெளிந்த பிறகும் சில மணி நேரத்தில் மறுபடி இறங்கலாம். எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று விட்டுவிடாதீர்கள்.

இந்தத் தாழ்சர்க்கரைக்கு நாமே வழி செய்து கொடுப்பதும் உண்டு. சாப்பாட்டுக்கு முன் போடும் மாத்திரையை வீட்டிலேயே விழுங்கிவிட்டு, ரத்தப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றோடு பஸ் ஏறிக் கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ லேப் வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை பேர்! மாத்திரையும் ஊசியும் கூடவே போகட்டும். சாப்பாடு கைக்கு எட்டிய பிறகு போட்டால் போதும். விரத நாள்களுக்கும் இதுதான். சஷ்டிக்கு ஆறு நாள் பட்டினி இருப்பேன் என்கிற அம்மாவைத் தடுக்க முடியாது என்றால், அந்த ஆறு நாளுக்கு மருந்தை எப்படிக் குறைப்பது என்று முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

சரி, சர்க்கரையை எவ்வளவு இறக்குவது? ‘7க்குக் கீழே கொண்டுவந்தே ஆகணும்’ என்று எச்பிஏ1சி என்கிற மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைப் பிடித்துத் தொங்குவது, வயதாகி நினைவும் தளர்ந்தவருக்குப் பொருந்தாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் பத்தாயிரம் பேருக்குமேல் சேர்ந்த அக்கார்ட் ஆய்வில், சர்க்கரையைக் கடுமையாக இறக்கிய பிரிவில் சாவு கூடியதால் 2008இல் அந்தச் சிகிச்சையை நிறுத்தினார்கள். மூளைக்கும் அதனால் லாபம் தெரியவில்லை. மறதி உள்ள முதியவர்களுக்கு எச்பிஏ1சி 8க்குக் கீழே இருந்தால் போதும் என்பதே இன்றைய வழிகாட்டல். கிட்னி மெலிந்தால் பழைய அளவு மருந்தே உடம்பில் அதிக நேரம் தங்கும். சாப்பாடும் எடையும் குறைந்தால் மருந்தும் குறைய வேண்டும். கிளிபென்கிளமைடு வயதானவர்களுக்கு வேண்டாம் என்றே நிபுணர்கள் சொல்கிறார்கள். பழைய சீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், சீட்டைக் காட்டி மாற்றி வாங்குங்கள்.

இரட்டை மருந்து இன்னொரு வம்பு. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன, நல்ல விஷயம். ஆனால் டவுனில் தனியார் டாக்டர் எழுதிய சீட்டும் கூடவே ஓடும். அரசு மாத்திரையில் இருக்கும் அதே மெட்பார்மினும் கிளிமிபிரைடும் இங்கே வேறு பெயரில், வேறு நிறத்தில் இருக்கும். பெரியவருக்கு அது இரண்டு மருந்து. இன்சுலினிலும் இப்படித்தான்: மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்தை, மில்லிக்கு 40 யூனிட் மருந்துக்கான சிரிஞ்சில் அதே கோடு வரை இழுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போகும். கண் மங்கிய, நினைவு தளர்ந்த ஒருவர் கையில் ஊசியைத் தனியாக விடுவதே தவறு. ‘அவரே போட்டுக்குவார், ரொம்பக் கறார்’ என்பது பத்து வருஷத்துக்கு முந்தைய ஆள்.

சரிசெய்யக்கூடிய காரணத்தைத் தேடாமல் விடுவதும் நடக்கிறது. மெட்பார்மின் வருஷக்கணக்கில் போட்டால் வைட்டமின் பி12 குறையலாம். அந்தக் குறைவு மறதியையும் கால் எரிச்சலையும் கொண்டுவரும். எரிச்சலைச் ‘சர்க்கரை நரம்பு’ என்று தள்ளிவிடுவார்கள். தைராய்டு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை, காது மந்தம் எல்லாம் மறதி வேஷம் போடும். நேற்று வரை நன்றாக இருந்தவர் இன்று திடீரென்று குழம்பினால் அது டிமென்ஷியாவின் வேகமே இல்லை. சர்க்கரை, சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, சில நாள் முன்பு விழுந்ததில் தலைக்குள் ரத்தக் கசிவு, இவற்றை அன்றைக்கே பார்க்க வேண்டும். வாய் கோணி, ஒரு பக்கம் கை கால் விழுந்தால் பக்கவாதம். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம்.

வல்லாரையைப் பற்றிக் கேட்பீர்கள். வாய்க்கால் ஓரத்தில் கிடைக்கிறது, துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள், கெடுதலில்லை. அதை நம்பி மாத்திரையை நிறுத்தினால்தான் கெடுதல். மூளைக்கு அதைவிட உதவுவது பிரஷரைக் கட்டுக்குள் வைப்பதும் நடப்பதும் புகையிலையை விடுவதும் நாலு பேரோடு பேசிப் பழகுவதும்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது சீட்டை மட்டும் கொண்டுபோகாதீர்கள். வீட்டில் இருக்கும் மாத்திரை மொத்தத்தையும், நாட்டு மருந்துப் பொட்டலம் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். கூட இருந்து பார்த்துக்கொள்பவர் போகட்டும், காரோட்டத் தெரிந்தவர் அல்ல. ‘இதில் எது சுகரை ரொம்ப இறக்கும், எதைக் குறைக்கலாம், ஒரு நாளைக்கு ஒரே வேளையாக்க முடியுமா’ என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதிலைச் சீட்டின் பின்பக்கத்திலேயே தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.