வன்முறையால் பாதிக்கப்பட்டவர்கள் ஒன்றுசேர்ந்து மாற்றம் கேட்பது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை

வன்முறைக்கு ஆளானவர்களும் சரி, வன்முறையில் வீட்டு ஆளைப் பறிகொடுத்தவர்களும் சரி, "எனக்கு நடந்தது இன்னொருத்தருக்கு நடக்கக் கூடாது" என்று ஒருமுறையாவது நினைக்காமல் இருப்பதில்லை. நினைத்த கையோடு பலர் செய்வது, கேமரா முன்னால் உட்கார்ந்து நடந்ததை முழுக்கச் சொல்லிவிடுவது. ஒரு வாரம் எல்லோரும் அதைப் பற்றியே பேசுவார்கள், அடுத்த வாரம் வேறு செய்தி வந்துவிடும், சொன்னவர் மட்டும் திறந்துபோட்ட காயத்தோடு தனியாக இருப்பார். எனக்கு இது கோபத்தையும் வருத்தத்தையும் தருகிறது. அதனால் இந்தப் பதிவில் வரிசையை மாற்றிச் சொல்கிறேன்: முதலில் ஆட்கள், அப்புறம் கோரிக்கை, அதற்கும் அப்புறம்தான் உங்கள் கதை. சட்டப் படிப்போ சங்கம் நடத்திய அனுபவமோ இல்லாதவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

படி 1: உங்கள் வழக்கையும் பாதுகாப்பையும் முதலில் பாருங்கள்

வழக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தால், வக்கீலைக் கேட்காமல் சம்பவம் பற்றி வெளியில் பேசாதீர்கள். போலீசில் கொடுத்த வாக்குமூலத்தில் இரவு 9 மணி என்று இருக்கும், பேட்டியில் வாய்தவறி 10 மணி என்று சொல்லியிருப்பீர்கள், எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு மணி நேரத்தைப் பிடித்துக்கொண்டு குறுக்கு விசாரணையில் உங்களைப் பொய் சொல்பவராகக் காட்டப் பார்ப்பார். வழக்கு முடியும்வரை சும்மா இருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. ஆட்களைச் சேர்க்கலாம், மனு எழுதலாம், இன்னொருவருக்குத் துணையாக நீதிமன்றம் போய் உட்காரலாம். உங்கள் சம்பவத்தின் விவரத்தை மட்டும் உள்ளே வைத்திருங்கள்.

அடையாளம் வெளியிடுவது பற்றி உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பாருங்கள். இந்தியாவில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் பெயரை மற்றவர்கள் வெளியிடுவது குற்றம், அவரே எழுத்தில் சம்மதம் தந்தால் வெளியிடலாம். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா மாநிலத்தில் ஒரு காலத்தில் பாதிக்கப்பட்டவரே விரும்பினாலும் தன் பெயரோடு பேச முடியாத நிலை இருந்தது. கிரேஸ் டேம் என்ற பெண் உட்படப் பலர் போராடித்தான் 2020இல் அந்தச் சட்டம் மாறியது. பேசுவதற்கான உரிமையும் பேசாமல் இருப்பதற்கான உரிமையும் பாதிக்கப்பட்டவர் கையில்தான் இருக்க வேண்டும். குழு தொடங்கும்போதே இதை விதியாக எழுதி வையுங்கள்.

இன்னொன்று, தாக்கியவர் வெளியே இருக்கிறாரா, அதே தெருவில் இருக்கிறாரா, அதே வீட்டில் இருக்கிறாரா? அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி 1977 ஏப்ரலில் புவெனஸ் ஐரிஸின் பிளாசா டி மாயோ சதுக்கத்தில் கூடத் தொடங்கினார்கள் தாய்மார்கள். கூட்டமாக நிற்கக் கூடாது என்று போலீஸ் விரட்டியபோது இருவர் இருவராகக் கைகோத்துச் சதுக்கத்தைச் சுற்றி நடந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் அவர்களின் முன்னோடிகளில் மூன்று பேர் கடத்திக் கொல்லப்பட்டார்கள். அசுசேனா வில்லாஃப்ளோர் அவர்களில் ஒருவர். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. முதல் நாளே பாதுகாப்பைப் பேசுவது கோழைத்தனம் ஆகாது என்பதற்காகச் சொல்கிறேன்.

படி 2: ஒவ்வொருவராகப் பேசுங்கள்

நோட்டீஸ் அடிப்பதும் வாட்ஸ்அப் குழு தொடங்குவதும் இப்போது வேண்டாம். உங்களைப் போலவே பாதிக்கப்பட்ட ஐந்தாறு பேரைக் கண்டுபிடித்து ஒவ்வொருவரோடும் தனியாக ஒரு மணி நேரம் பேசுங்கள். நீதிமன்ற வராந்தாவில், ஆஸ்பத்திரி வரிசையில், சட்ட உதவி மையத்தில் இவர்களைப் பார்க்கலாம்.

போனில் அழைத்ததும் முதல் கேள்வி, "இந்த நம்பரில் பேசலாமா, மெசேஜ் அனுப்பினால் வேறு யாராவது பார்ப்பார்களா?" என்பதாக இருக்கட்டும். வீட்டு வன்முறையில் மாட்டியிருப்பவருக்கு நீங்கள் அனுப்பும் ஒரு 'வணக்கம்' கூட அடி வாங்கித் தரலாம்.

நேரில் உட்கார்ந்ததும் "என்ன நடந்தது?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியை அவர்கள் போலீசிலிருந்து சொந்தக்காரர்வரை எல்லோரிடமிருந்தும் கேட்டுக் கேட்டுச் சலித்திருப்பார்கள். "அதுக்கு அப்புறம் எது உங்களை ரொம்ப அலைய வைத்தது?" என்று கேட்டுப் பாருங்கள். அங்கேதான் விஷயம் வெளியே வரும். பிரேதப் பரிசோதனை அறிக்கைக்கு எத்தனை தடவை அலைந்தார்கள், மருத்துவச் செலவுக்கு எதை விற்றார்கள், வாய்தாவுக்குப் போனால் கொலை செய்தவனின் ஆட்களோடு ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியிருந்தது, இப்படி. மாற்றக்கூடிய விஷயங்கள் எல்லாம் இந்தப் பதில்களில்தான் இருக்கின்றன. எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள், வேண்டாம் என்றால் பேனாவை மூடிவிடுங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி: "இதில் உங்களுக்கு என்ன செய்ய விருப்பம்?" ஒருவர் பேச விரும்புவார், ஒருவர் கணக்கு எழுதுவார், ஒருவர் சும்மா வந்து உட்கார்ந்தால் போதும் என்பார். மூன்றும் ஏற்கத்தக்க பதில்கள்.

படி 3: முதல் கூட்டம்

சிறிதாக இருக்கட்டும். தனி அறை வேண்டும், கதவு எங்கே என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும், எழுந்து வெளியே போனால் யாரும் காரணம் கேட்கக் கூடாது. கதவுப் பக்கம் ஒருவரை உட்கார வையுங்கள். யாராவது கலங்கி வெளியே போனால் கூடவே போவது மட்டும்தான் அவர் வேலை. பத்திரிகைக்காரர், கட்சிக்காரர், "உதவி செய்ய வந்த" பெரியவர்கள் யாரும் இந்தக் கூட்டத்தில் வேண்டாம். போட்டோவும் வேண்டாம்.

அழுகையும் ஆறுதலுமே நிறைந்த கூட்டமாக அது முடிந்தாலும் கவலைப்படாதீர்கள். மகளைக் கொலையில் இழந்த ஒரு தம்பதி, 1978இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில், அதேபோல் பிள்ளைகளை இழந்த சில பெற்றோரோடு உட்கார்ந்து பேசத் தொடங்கியதுதான் பின்னால் நாடு முழுக்கக் கிளைகள் உள்ள அமைப்பானது. ஆறுதலுக்காகக் கூடுவதும் உரிமைக்காகக் கூடுவதும் ஒரே குழுவில் நடக்கலாம், ஆனால் தனித்தனி நேரம் ஒதுக்குங்கள். நெஞ்சு வெடிக்க ஒருவர் பேசி முடித்த மறு நிமிடமே "சரி, மனுவில் யார் கையெழுத்து போடுகிறீர்கள்?" என்று கேட்பது கொடுமை.

இந்தக் கட்டத்தில் ஒரு சிக்கல் கட்டாயம் வரும். தண்டனை பற்றிய கருத்து. ஒருவர் "தூக்கில் போட வேண்டும்" என்பார், பக்கத்தில் இருப்பவர் அதை ஏற்க மாட்டார். பிள்ளைகளையும் பெற்றோரையும் கொலையில் இழந்தவர்களே சேர்ந்து, மரண தண்டனை வேண்டாம் என்று சொல்ல 1976இல் அமெரிக்காவில் அமைப்பு தொடங்கியிருக்கிறார்கள். அதே நாட்டில் தண்டனையைக் கடுமையாக்கச் சொல்லிப் போராடும் குடும்பங்களும் உண்டு. இரண்டு தரப்பின் வலியும் உண்மை. இதை வாக்கெடுப்பில் தீர்க்கப் போனால் குழு உடையும் என்பது என் கருத்து. தகவல், சிகிச்சை, பாதுகாப்பு, இழப்பீடு என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். தண்டனை பற்றிக் குழுவின் பெயரில் யாரும் பேசக் கூடாது, தன் பெயரில் பேசிக்கொள்ளலாம் என்று முடிவு செய்துவிட்டால் போதும்.

யாரைச் சேர்ப்பது என்பதிலும் மனசாட்சியோடு இருங்கள். முன்பு சிறைக்குப் போய் வந்தவர் கத்திக்குத்து வாங்கினால் அவரும் பாதிக்கப்பட்டவர்தான். 'நல்ல பேர்' உள்ளவர்களை மட்டும் முன்னால் நிறுத்தினால் மற்றவர்கள் எங்கே போவார்கள்?

படி 4: ஒரே ஒரு கோரிக்கை

இதற்குத்தான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். "நீதி வேண்டும்" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், எதுவும் நடக்காது, ஏனென்றால் நாளைக் காலையில் யார் என்ன செய்ய வேண்டும் என்பது அதில் இல்லை. அதையே இப்படி மாற்றிப் பாருங்கள்: "கைதானவர் ஜாமீனில் வெளிவரும் அன்றே, விசாரணை அதிகாரி பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குப் போன் செய்து தெரிவிக்க வேண்டும்." இதற்கு ஆம் என்று சொல்லக்கூடியவர் யார் என்று தெரிகிறது, புதுச் சட்டம் இல்லாமலே ஒரு சுற்றறிக்கையில் செய்ய முடியுமா என்று விசாரிக்கலாம், நடந்ததா இல்லையா என்று நாமே சரிபார்க்கலாம். கோரிக்கையை உரசிப் பார்க்க இந்த மூன்றும் போதும்.

கேட்பது சின்ன விஷயம் என்று தயங்க வேண்டாம். அமெரிக்காவில் அமண்டா நுயென் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். அவர் இருந்த மாநிலத்தில் வழக்குத் தொடர 15 ஆண்டு அவகாசம் இருந்தும், மருத்துவப் பரிசோதனையில் எடுத்த தடயங்களை நீட்டிப்புக் கேட்டு மனு போடாவிட்டால் 6 மாதத்தில் அழித்துவிடுவார்கள் என்று தெரிந்துகொண்டார். அந்தத் தடயங்களைக் காப்பதில் ஆரம்பித்து 2014இல் ஒரு அமைப்பைத் தொடங்கினார். 2016இல் நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளிலும் எதிர்ப்பே இல்லாமல் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானோர் உரிமைச் சட்டம் நிறைவேறியது. ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் 1996 மார்ச்சில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியரும் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு நடந்த கையெழுத்து இயக்கமும் ஒரே விஷயத்தைத்தான் கேட்டது: தனியார் கையில் கைத்துப்பாக்கி இருக்கக் கூடாது. 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள், 1997இல் சட்டம் வந்தது.

கோரிக்கை முடிவானதும் அதற்கு முன்மாதிரி வேறெங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். வழக்கின் நிலையைப் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 1985லேயே பிரகடனம் செய்திருக்கிறது. குற்றம்சாட்டப்பட்டவர் காவலிலிருந்து வெளிவருவதை, கேட்டுக்கொண்டவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் விதி போட்டது. குற்றத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசே இழப்பீடு தரும் திட்டத்தை நியூசிலாந்து 1963லேயே சட்டமாக்கியது. "இதெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவராது" என்று சொல்பவரிடம் காட்ட இந்த ஒரு பக்கம் போதும்.

படி 5: கணக்கு வையுங்கள்

ஒரு நோட்டு, ஒரு அட்டவணை. பெயர் வேண்டாம், ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு எண் போதும். தகவல் வந்ததா, எத்தனை நாளில் வந்தது, யார் சொன்னது. பத்து வழக்கில் எட்டுக்குத் தகவலே வரவில்லை என்று உங்கள் நோட்டு காட்டினால் அதைத் தனிப்பட்ட புலம்பல் என்று ஒதுக்க முடியாது. வங்கதேசத்தில் அமிலத் தாக்குதலுக்கு ஆளானவர்களுக்காக 1999இல் தொடங்கிய அமைப்பு, சிகிச்சை தந்ததோடு நிற்காமல் ஒவ்வொரு ஆண்டும் தாக்குதல்களை எண்ணி வெளியிட்டது. 2002இல் அங்கே அமிலத்துக்கென்றே இரண்டு சட்டங்கள் வந்தன.

படி 6: இப்போது கதை, அதுவும் இரண்டு நிமிடம்

கோரிக்கைக்குத் தேவையான அளவு மட்டும் சொல்லுங்கள். ஒரு மாதிரி தருகிறேன்:

"என் தம்பி கொலையாகி இரண்டு வருஷம் ஆகிறது. குற்றம்சாட்டப்பட்டவருக்கு ஜாமீன் கிடைத்ததை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பஸ் ஸ்டாப்பில் அவரை நேருக்கு நேர் பார்த்த என் அம்மா அன்றிலிருந்து வெளியே போவதில்லை. ஒரு போன் வந்திருந்தால் அம்மாவைத் தயார்படுத்தியிருப்போம். எங்களைப் போல எட்டுக் குடும்பங்கள் இருக்கின்றன. ஜாமீன் கிடைத்த அன்றே குடும்பத்துக்குப் போன் வர வேண்டும், அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறோம்."

கொலை எப்படி நடந்தது என்று இதில் ஒரு வரிகூட இல்லை. கேட்பவருக்கு அது தேவையும் இல்லை. "கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்களேன்" என்று யாராவது தூண்டினால், "அதைப் பற்றிப் பேச வரவில்லை" என்று சொல்லிப் பழகுங்கள். வீட்டில் நண்பரை எதிரே உட்கார வைத்துச் சத்தமாகவே சொல்லிப் பாருங்கள், கூச்சமாக இருந்தாலும் பரவாயில்லை.

பேசப்போகிறவர் கடைசி நிமிடத்தில் மறுத்தாலும் வருத்தப்படக் கூடாது, வேறு ஒருவர் தயாராக இருக்க வேண்டும். சம்பவம் நடந்த தேதியை ஒட்டியோ வாய்தாவுக்கு முந்தின நாளோ யாரையும் பேச வைக்காதீர்கள். பேசி முடித்த அன்று இரவும் மறுநாளும் யார் அவருக்குப் போன் செய்வது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். தூக்கம் கெட்டால், பழைய காட்சிகள் திரும்பத் திரும்ப வந்தால், நண்பர்களின் ஆறுதல் போதாது, மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். கேட்டுக்கொண்டே இருக்கும் உங்களுக்கும் இது பொருந்தும்.

படி 7: அதிகாரியைச் சந்திப்பது

மூன்று அல்லது நான்கு பேர் போங்கள். ஒருவர் கதை சொல்ல, ஒருவர் கோரிக்கையை வைக்க, ஒருவர் குறிப்பெடுக்க. மனு ஒரே பக்கம், இரண்டு பிரதி, ஒன்றில் முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "பார்க்கிறோம்" என்று பதில் வந்தால் எழுந்துவிடாதீர்கள். "எந்தத் தேதிக்குள் பதில் எதிர்பார்க்கலாம், யாரைத் தொடர்புகொள்ள வேண்டும்?" என்று கேளுங்கள். அன்று மாலையே, பேசியதைச் சுருக்கி நன்றி சொல்லி ஒரு கடிதம் அனுப்புங்கள். பின்னால் யாராவது மாற்றிப் பேசினால் அந்தக் கடிதம்தான் கைகொடுக்கும்.

ஊடகத்தைக் கூப்பிடுவது அதிகாரி தேதி தாண்டியும் பதில் தராதபோது வைத்துக்கொள்ளலாம். முகம் காட்டலாமா, பெயர் போடலாமா என்பதைப் பேட்டிக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

படி 8: கிடைத்த பிறகு

உத்தரவு வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று குழு கலைந்துவிடுவதுண்டு. அமிலத் தாக்குதலுக்கு ஆளான லக்ஷ்மி அகர்வால் 2006இல் தொடுத்த பொதுநல வழக்கில், கடைகளில் அமிலம் விற்பதற்குக் கட்டுப்பாடுகள் விதித்து இந்திய உச்ச நீதிமன்றம் 2013இல் உத்தரவிட்டது. பாதிக்கப்பட்டவருக்குக் குறைந்தது 3 லட்சம் ரூபாய் இழப்பீடு என்றும் சொன்னது. தனியார் மருத்துவமனைகளும் இலவசச் சிகிச்சை தர மறுக்கக் கூடாது என்று 2015இல் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. அதன் பிறகும் கேள்வி கேட்காமல் அமிலம் விற்கும் கடைகள் பற்றிய செய்திகள் வந்துகொண்டுதான் இருந்தன.

அதனால் படி 5இல் தொடங்கிய நோட்டை மூடாதீர்கள். உத்தரவு வந்த தேதியில் ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழே வரும் ஒவ்வொரு வழக்கிலும் போன் வந்ததா என்று எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பக்கத்தை நகலெடுத்து, உத்தரவு போட்ட அதே அலுவலகத்துக்கு அனுப்புங்கள். அனுப்பும் பொறுப்பை ஒருவர் பெயரில் எழுதி வையுங்கள், அவருக்கு முடியாதபோது யார் என்பதையும் சேர்த்து.