தரையில் கிடந்ததெல்லாம் அன்றாட வாழ்க்கை ஆகாது

சிங்கப்பூரில் தொல்லியல் ஆர்வம் பெரும்பாலும் தொண்டூழியத்தில்தான் தொடங்குகிறது. 1984இல் ஃபோர்ட் கெனிங் குன்றில் தொல்லியலாளர் ஜான் மிக்ஸிக் அகழாய்வு தொடங்கிய பிறகு, 14ஆம் நூற்றாண்டுத் துறைமுக நகரின் உடைந்த கலங்களின் ஓடுகளைக் கழுவவும் வகை பிரிக்கவும் ஆர்வலர்கள் கை கொடுத்து வருகிறார்கள். அவர்களில் சில தமிழ் இளையர்கள் அடுத்ததாகத் உழவும் மந்தையும் தொடங்கிய புதிய கற்காலம், கல்லோடு செம்பும் வந்த செம்புக் கற்காலம் ஆகியவற்றின் தக்காணத்து ஊர்களைப் பற்றி எழுதத் தொடங்கி, என்னிடம் பார்க்கக் கொடுக்கிறார்கள். பயிலும் காலத்தில் நானும் செய்த பிழைகளே மாறாமல் வருகின்றன. ஆண்டு தவறுவது, ஊர்ப்பெயர் சிதைவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன், யாராவது திருத்திவிடுவார்கள்.

கீழடி புதிய கற்கால ஊர் அன்று

இரும்பும் எழுத்தும் அறிந்த ஊர் அது. தமிழ்நாட்டில் புதிய கற்காலம் வேண்டுமென்றால் பையம்பள்ளியைப் படியுங்கள்.

ஓட்டைப் பார்த்ததும் கழுவுவது

சீனப் பீங்கானில் பழகிய கைக்கு இது தடுக்க முடியாத பழக்கம். மெருகிட்ட பீங்கானுக்குத் தண்ணீரால் கேடில்லை. மெருகில்லாத சமையல் பானையின் உட்புறம் கருகி ஒட்டிய உணவும், அரைகல்லின் நுண்துளைகளில் தங்கிய மாவுச்சத்துத் துகள்களும் தூரிகை பட்டால் போய்விடும். சிலவற்றையாவது கழுவாமல், வெறுங்கையால் தொடாமல் தனியே எடுத்துவையுங்கள்.

தரையையும் தரைமேல் விழுந்த மண்ணையும் ஒன்றாக்குவது

இதைப் பற்றிப் பேசும்போது என் குரல் உயர்ந்துவிடுவதாக வீட்டில் குறை சொல்கிறார்கள். உயரட்டும்.

அண்மையில் ஒரு மாணவி, செம்புக் கற்கால வீடு ஒன்றை அறை அறையாக வரைந்து கொண்டுவந்தார். ஒரு மூலையில் அரைகல். ஆகவே சமையலறை, ஆகவே பெண்கள். எதிர் மூலையில் கற்சில்லுகள். ஆகவே பட்டறை, ஆகவே ஆண்கள். படம் அழகாகத்தான் இருந்தது. அவர் பயன்படுத்திய அகழாய்வு அறிக்கையைத் திறந்து, பொருள் பட்டியலின் கடைசிப் பத்தியைக் காட்டினேன். இரண்டுக்கும் எதிரே 'நிரப்பு மண்' என்றிருந்தது. மக்கள் வீட்டை விட்டுப் போன பிறகு, இடிந்த சுவரோடும் அக்கம்பக்கத்துக் குப்பையோடும் உள்ளே வந்து சேர்ந்தவை அவை. அரைகல் குப்புறக் கிடந்ததாகக் குறிப்பு வேறு. சமையலறையும் போயிற்று, பட்டறையும் போயிற்று. அரைகல் தரையிலேயே இருந்திருந்தாலும் அதில் அரைத்தவர் ஆணா பெண்ணா என்று கல் சொல்லாது. ஓர் அத்தியாயம் முழுவதையும் அவர் திரும்ப எழுத வேண்டியதாயிற்று.

நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டை விற்றுச் சாவியைக் கொடுக்கும் நாளில் உள்ளே என்ன இருக்கும்? சட்டியும் அம்மியும் புது வீட்டுக்குப் போயிருக்கும். பழைய சாமான்கள் காராங்குனிக்காரரிடம் போயிருக்கும். மூலையில் உடைந்த மின்விசிறி ஒன்று மிஞ்சும். அதை வைத்து அந்தக் குடும்பம் என்ன சமைத்தது, யார் எங்கே படுத்தார்கள் என்று எழுதினால் சிரிக்கமாட்டோமா? எல்லா ஊரும் எரிமலைச் சாம்பலில் புதைந்த இத்தாலியின் பாம்பேய் நகரைப் போலத் திடீரென்று மூடப்பட்டதாக எண்ணிக்கொள்ளும் இந்தப் போக்கைப் பற்றி அமெரிக்கத் தொல்லியலாளர் லூயிஸ் பின்ஃபோர்டு 1981இலேயே எழுதிவிட்டார்.

துருக்கியின் சாட்டல்ஹோயூக் இதற்குச் சரியான பாடம். சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய அந்த ஊரில் பல வீடுகளைக் கைவிடும்போது உள்ளிருந்ததை எடுத்துவிட்டு, கூரையைப் பிரித்து, சுவரின் மேற்பகுதியைத் தள்ளி நிரப்பி, அதன்மேலேயே அடுத்த வீட்டைக் கட்டினார்கள். இருந்த காலத்திலும் தரையைப் பெருக்கி, மறுபடி மறுபடி பூசி வைத்திருந்தார்கள். கண்ணில் படும் பொருளைத் தரையில் தேடிப் பயனில்லை. பூச்சுகளுக்கிடையே மிதிபட்டுச் சிக்கிய எலும்புத் துணுக்கு, அப்சிடியன் (எரிமலைக் கண்ணாடி) சில்லு, அடுப்பிலிருந்து வாரிய சாம்பல், வீடுகளுக்கிடையே குவிந்த குப்பை ஆகியவற்றில்தான் அன்றாடம் இருக்கிறது.

குழிகள் இன்னும் ஏமாற்றும். மகாராஷ்டிரத்தின் செம்புக் கற்கால ஊரான இனாம்காவில் இறந்த குழந்தைகளை இரண்டு தாழிகளில் வைத்து, வாயோடு வாய் சேர்த்து, வீட்டுத் தரைக்குக் கீழே புதைத்திருக்கிறார்கள். மேல் தரையிலிருந்து வெட்டிய குழி பழைய தரைகளைத் துளைத்துக்கொண்டு இறங்கும். குழியின் வாய் எந்தத் தரையில் தொடங்குகிறது என்று பாராமல் தாழி கிடந்த மட்டத்தை மட்டும் குறித்தால், பேரன் காலத்துச் சாவு தாத்தாவின் வீட்டில் நிகழ்ந்துவிடும்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். நிரப்பு மண்ணிலிருந்த கரித்துண்டைத் 'தரைக் கரி' என்று கார்பன் காலக்கணிப்புக்கு அனுப்பினால், வரும் ஆண்டு வீட்டில் ஆள் இருந்த காலத்தைச் சொல்லாது. அந்தக் கரி நெடுங்காலம் வாழ்ந்த மரத்தின் உட்பகுதியாக இருந்தால் ஆண்டு இன்னும் பழையதாக வரும். ஓராண்டில் விளைந்து முடிந்த ஒரு கருகிய கொள்ளு விதையே அதைவிட மேல். தோண்டிய மண்ணைத் திரும்ப அடுக்க முடியாது என்பதால், பையில் கட்டும் சீட்டில் 'தரை', 'தரைமேல்', 'நிரப்பு' என்று அங்கேயே, அப்போதே எழுத வேண்டும். மாலையில் நினைவிலிருந்து எழுதிய சீட்டை நான் நம்புவதில்லை.

செம்பு வந்ததும் கல் போய்விடவில்லை

செம்பு அருமை. அன்றாடம் அறுத்தது கல் அலகு, அதாவது கூர்விளிம்புள்ள கற்சில்லு.

வட்டக் குடிசை என்றால் ஏழ்மை என்பது

இனாம்காவின் கடைசிக் கட்டத்தில், கி.மு. 1000க்குப் பிறகு, நீள்சதுர வீடுகள் குறைந்து வட்டக் குடிசைகள் பெருகுகின்றன. வறட்சியால் ஊர் நலிந்ததாக அங்கு அகழ்ந்த எம்.கே. தவலிகர் விளக்கினார். குடிசை அகழாய்வில் கிடைத்தது. நலிவு அவருடைய விளக்கம். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் குழைக்காதீர்கள். மந்தையோடு இடம் மாறுகிறவர்களும் வட்டமாகக் கட்டுவார்கள்.

சல்லடை இல்லாமல் சாப்பாட்டைப் பற்றி எழுதுவது

தென்னிந்தியப் புதிய கற்காலம் என்றதும் உத்னூர் போன்ற சாம்பல் மேடுகள், அதாவது மாட்டுச் சாணம் எரிந்து குவிந்த மேடுகள், நினைவுக்கு வரும். கையால் பொறுக்கினால் மாட்டெலும்புதான் அகப்படும்; பெரிது அல்லவா! கர்நாடகத்தின் சங்கனகல்லு, ஹல்லூர் ஆகிய இடங்களில் மண்ணைத் தண்ணீரில் கரைத்து, மிதந்த கரியை நுண்சல்லடையில் பிடித்தபோது கொள்ளும் பச்சைப்பயறும் சிறுதானியங்களும் வெளிவந்தன. சல்லடை போடாத அகழாய்வின் அறிக்கையை வைத்து எழுதுகிறீர்களானால், 'பயறு கிடைக்கவில்லை' என்று எழுதுங்கள். 'பயறு உண்ணவில்லை' என்று எழுதாதீர்கள்.