படகில் நனைந்த பை: நான் சரிசெய்த விதம்

காட்டுக் கிராமங்களுக்குப் படகில் கிளம்பிய முதல் நாளே முதுகுப்பை முழுக்க நனைந்துவிட்டது. இத்தனைக்கும் மழையே இல்லை. படகின் அடியில் தேங்கிய தண்ணீரில் பை 2 மணி நேரம் கிடந்திருக்கிறது. வெளியே மாட்டும் மழையுறை முதுகுப் பக்கத்தை மூடாது. அந்த வழியாகப் புகுந்த தண்ணீரை வாளி போலப் பிடித்தும் வைத்துக்கொண்டது. மருந்து அட்டைகள்கூட ஊறிப்போயின. அதுதான் எனக்குப் பெரிய கவலை.

காட்டின் ஈரக்காற்றில் துணி காய 2 நாள் ஆனது. அப்புறம் முறையை மாற்றினேன். தடித்த பிளாஸ்டிக் பை ஒன்றை முதுகுப்பைக்குள் விரித்து, எல்லாவற்றையும் அதற்குள் வைத்தேன். காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை முறுக்கி மடித்துக் கட்டினேன். மருந்து, போன், பாஸ்போர்ட் மூன்றும் தனியாக, வாயை 3 முறை சுருட்டிப் பூட்டும் நீர்புகாப் பையில். படகில் இப்போது பையைத் தரையில் போடுவதில்லை, குறுக்குப் பலகை மேல்தான்.

ஜீப் பாதையில் ஜிப் வழியாக நுழையும் புழுதியையும் அதே உள்பை தடுத்தது.

இன்னொன்று, படகில் பையை மாட்டிக்கொண்டு இடுப்பு வாரைப் பூட்டி உட்காராதீர்கள். கவிழ்ந்தால் சட்டென்று கழற்ற முடியாது.