வியட்நாம் கடற்கரையில் இருவர்: மிச்சம் பிடிக்கப் போய் இழக்காமல் இருக்க

வியட்நாம் வரைபடத்தைப் பார்த்தால் எல்லோருக்கும் ஒரே ஆசைதான் வரும். ஹனோயில் இறங்கி, கடலை ஒட்டியே கீழே வந்து, சைகோனில் (ஹோ சி மின் நகரம்) விமானம் ஏறிவிட வேண்டும். நானும் என் கணவரும் போட்ட முதல் திட்டமும் அதுதான். பதினாறு நாள், எட்டு ஊர், முதுகில் ஆளுக்கொரு பை. திட்டம் பாதி வழியிலேயே உடைந்தது. உடைந்த பிறகுதான் பயணம் நன்றாக இருந்தது. கையில் கொஞ்சம் பணத்தோடு ஜோடியாகக் கிளம்புகிறவர்கள் அதே தவறுகளைச் செய்யக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முழுக் கடற்கரையையும் ஒரே மூச்சில்

ஹனோய்க்கும் சைகோனுக்கும் இடையே ரயில் பாதை 1,726 கிலோமீட்டர். வேகமான ரயிலுக்கே முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டு வாரத்தில் இதை முடிக்கப் பார்த்தால், மூன்று நாளுக்கு ஒரு முறையாவது பஸ்ஸிலோ ரயிலிலோ ஒரு ராத்திரி போகும்.

இரவுப் பேருந்தில் போனால் ஒரு நாள் அறை வாடகை மிச்சம் என்பது கேட்க நன்றாக இருக்கும். நாங்களும் அப்படித்தான் ஹோய் ஆனிலிருந்து நா ட்ராங்குக்குப் படுக்கை பஸ்ஸில் ஏறினோம். அந்தப் படுக்கைகள் அந்த ஊர்க்காரர்களின் உயரத்துக்குச் செய்தவை. என் கணவர் ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. இரவு முழுக்க முழங்காலை மடக்கியே படுத்திருந்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. விடிகாலை நாலரைக்கு இறக்கிவிட்டார்கள். அறை கிடைப்பதோ மதியம் இரண்டு மணிக்கு. கடற்கரை நடைபாதையில் பையைத் தலைக்கு வைத்து உட்கார்ந்திருந்தோம். அந்த நேரத்திலேயே ஊர்ப் பெரியவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து குளிப்பதும் உடற்பயிற்சி செய்வதுமாக இருந்தார்கள். பார்க்க அழகான காட்சிதான், எங்களுக்குத்தான் பார்க்கத் தெம்பில்லை. அங்கேயே சண்டை வந்தது. பகல் முழுக்கத் தூங்கினோம். மறுநாள் அவருக்குக் காய்ச்சல். அறை வாடகையில் மிச்சமானது மருந்துக்கும் கூடுதலாகத் தங்கிய நாளுக்கும் போனது.

அன்றைக்கு ஒரு விதி வைத்துக்கொண்டோம்: ஒரு ஊருக்கு மூன்று ராத்திரி. பட்டியலில் இருந்து மூன்று ஊர்களை அடித்தோம். உங்களிடம் இரண்டு வாரம் இருந்தால் ஹுவேயிலிருந்து நா ட்ராங் வரை உள்ள நடுக்கடற்கரையே போதும். ஹுவே, டா நாங், ஹோய் ஆன், குய் ஞோன், நா ட்ராங் என ஐந்து ஊர்கள், எல்லாவற்றுக்கும் நடுவில் ரயில். ஹோய் ஆனுக்கு மட்டும் ரயில் நிலையம் கிடையாது, டா நாங்கில் இறங்கி சுமார் 30 கிலோமீட்டர் சாலையில் போக வேண்டும். குய் ஞோனுக்குப் பெரும்பாலான ரயில்கள் நிற்பது ஊருக்குள் அல்ல, பத்து கிலோமீட்டர் தள்ளி உள்ள தியூ ச்சீ (Diêu Trì) நிலையத்தில். டிக்கெட் தேடும்போது இந்தப் பெயர் தெரியாமல் ‘ரயிலே இல்லை’ என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

இன்னொன்று. போன ஊரிலிருந்தே திரும்புவது போல விமான டிக்கெட் எடுக்காதீர்கள். மலிவு விமானங்களில் போக, வரத் தனித்தனியாக எடுத்தாலும் விலை பெரிதாக மாறாது. ஒரு முனையில் இறங்கி மறு முனையில் ஏறினால் முழு நாள் ஒன்று கையில் நிற்கும்.

தீபாவளி லீவில் ஹோய் ஆன்

இதுதான் நம்மவர்கள் அதிகம் செய்யும் தவறு என்று நினைக்கிறேன். நம் ஊருக்கு ஐப்பசி கார்த்திகையில் மழை தரும் அதே வடகிழக்குப் பருவக்காற்று அங்கேயும் வீசுகிறது. கடலில் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, கரையை ஒட்டியே ஓடும் ட்ரூவோங் சோன் மலைத்தொடரில் மோதி, ஹுவேயிலும் ஹோய் ஆனிலும் கொட்டித் தீர்க்கும். செப்டம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் வரை நீளும். நடுவில் புயலும் வரும். 2025 அக்டோபர் கடைசியில் ஹோய் ஆன் பழைய நகரின் தெருக்களில் படகில்தான் போக முடிந்தது. அந்த மாதங்களில் அறை பாதி விலைக்குக் கிடைப்பதற்குக் காரணம் இதுதான்.

ஒரே நாடு என்றாலும் வானிலை ஒன்றல்ல. நடுப்பகுதியில் அடைமழை பெய்யும் அதே டிசம்பரில் தெற்கே முய் நேயில் நல்ல வெயில் அடிக்கும், ஆனால் காற்றில் கடல் கொந்தளிக்கும். வடக்கே ஜனவரி முதல் மார்ச் வரை குளிரும் தூறலும். ஹனோயில் ஒரு ஸ்வெட்டர் இல்லாமல் கஷ்டப்பட்டேன். நடுக்கடற்கரைக்கு ஏற்ற காலம் பிப்ரவரி கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை. அதாவது நம் கோடை விடுமுறை மிகச் சரியாகப் பொருந்துகிறது. அதில் ஏப்ரல் 30, மே 1 இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். வியட்நாம் போர் முடிந்த நாளும் தொழிலாளர் தினமும் அடுத்தடுத்து வருவதால் ஊரே கடற்கரையில் இருக்கும், விலையும் ஏறிவிடும். ஜனவரி பிற்பகுதியிலோ பிப்ரவரியிலோ வரும் டெட் புத்தாண்டு இன்னும் சிரமம். எல்லோரும் சொந்த ஊருக்குப் போவதால் ரயில் டிக்கெட் கிடைக்காது, சின்னக் கடைகள் பல நாள் மூடியிருக்கும்.

ஸ்கூட்டர்

நாளுக்கு ஐந்நூறு ரூபாய் போல வாடகை, இரண்டு பேரும் ஒரே வண்டி, இதைவிட மலிவு எது என்று தோன்றும். கடைக்காரர் உரிமம்கூடக் கேட்க மாட்டார். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

நம் ஆர்டிஓ தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949 ஜெனீவா உடன்படிக்கையின்படி தரப்படுவது. வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா உடன்படிக்கையின்படி தரப்படுவதை. ஆகவே ஆர்டிஓவில் பணம் கட்டி, அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தாலும் அங்கே நீங்கள் உரிமம் இல்லாமல் ஓட்டுகிறவர்தான். போலீஸ் அபராதம் சின்ன விஷயம். விபத்து நடந்தால் பயண இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் கேட்பது உரிமத்தைத்தான். இல்லை என்றால் ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும் உங்கள் தலையில். பின்னால் உட்கார்ந்திருப்பது உங்கள் துணை என்பதையும் யோசியுங்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்ள மாட்டேன்.

உரிமம் தேவைப்படாதது 50 சிசி வரையிலான வண்டி. ஊருக்குள் சுற்ற அது போதும், ஹெல்மெட் கட்டாயம். குடித்துவிட்டு ஓட்டினால் அளவு எதுவும் கிடையாது, ஒரு பீர் குடித்திருந்தாலும் குற்றம்தான். ஹோய் ஆனில் சைக்கிளே போதும். வயலுக்கு நடுவே ஐந்து கிலோமீட்டர் மிதித்தால் ஆன் பாங் கடற்கரை.

எல்லோரும் ஸ்கூட்டர் கேட்பது ஹாய் வான் கணவாய்க்காகத்தான். பெயருக்குக் கடல் மேகம் என்று பொருள், கணவாயின் உச்சி சுமார் 500 மீட்டர். அந்த அழகைப் பார்க்க வண்டி வேண்டாம். ஹுவேயிலிருந்து டா நாங் வரும் ரயில் அந்த மலையின் கடல் பக்கமாகவே வளைந்து வளைந்து வருகிறது. தெற்கு நோக்கிப் போகும்போது இடது பக்க ஜன்னல் சீட்டைக் கேளுங்கள். மூன்று மணி நேரப் பயணம், ஒரு நல்ல சாப்பாட்டின் விலைதான். எங்கள் பயணத்திலேயே நாங்கள் இருவரும் அதிகம் பேசாமல் மகிழ்ச்சியாக இருந்த மூன்று மணி நேரம் அது.

பணம், பாஸ்போர்ட், விசா

ஒரு இந்திய ரூபாய்க்கு ஏறத்தாழ 300 வியட்நாம் டாங். விலையில் மூன்று சைபரை நீக்கிவிட்டு மூன்றரையால் பெருக்கினால் தோராயமான ரூபாய்க் கணக்கு வந்துவிடும். கடைகளிலும் கடைசி மூன்று சைபரைச் சொல்ல மாட்டார்கள், ஐம்பது என்றால் ஐம்பதாயிரம். 20,000 டாங் நோட்டும் 5,00,000 டாங் நோட்டும் நீல நிறம். இருட்டில் டாக்சிக்குக் கொடுக்கும்போது இருபத்தைந்து மடங்கு கொடுத்துவிடும் ஆபத்து இருக்கிறது. பெரிய நோட்டைத் தனிப் பையில் வையுங்கள். செலவுப் பணம் முழுவதும் ஒருவரிடமே இருக்கட்டும், அவசரத்துக்கான அட்டையும் கொஞ்சம் டாலரும் மற்றவரிடம்.

கிராப் என்ற வாடகை வண்டிச் செயலியில் பைக் மலிவு என்று அழைத்துவிடாதீர்கள். ஒரு பைக்கில் ஒருவர்தான் போகலாம். இரண்டு பைக்குக்குக் கொடுப்பதில் கொஞ்சம் சேர்த்தால் கார் வந்துவிடும். தங்கும் இடத்திலும் இதே கணக்குதான். ஹாஸ்டலில் இரண்டு கட்டில் எடுக்கும் விலைக்குப் பெரும்பாலும் ஒரு தனி அறை கிடைக்கும். ‘ஞா ங்கி’ (nhà nghỉ) என்று பலகை போட்ட குடும்ப விடுதிகளைப் பாருங்கள். அங்கே போலீஸ் பதிவுக்காக பாஸ்போர்ட் வாங்குவார்கள், அது சட்டப்படி நடப்பது. பதிவு முடிந்ததும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி வாடகைக்கு ஈடாக மட்டும் பாஸ்போர்ட்டைக் கொடுக்கவே கூடாது.

இ-விசா ஒரு முறை நுழைய 25 டாலர், 90 நாள் வரை. அதிக விலைக்கு விற்கும் போலித் தளங்கள் தேடலில் முதலில் வரும். முகவரி அரசுத் தளத்துக்குரியதா என்று பாருங்கள். இனிஷியலை விரித்தும் சுருக்கியும் எழுதும் பழக்கம் நமக்கு உண்டே, அதை இங்கே விட்டுவிடுங்கள். பாஸ்போர்ட்டில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே.

இன்னொரு புதுக் குழப்பமும் இருக்கிறது. 2025 ஜூலை 1 முதல் வியட்நாமின் 63 மாகாணங்களை 34 ஆக்கிவிட்டார்கள். ஹோய் ஆன் இப்போது டா நாங் நகரத்துக்குள், குய் ஞோன் மலைநாட்டு கியா லாய் மாகாணத்தில். பழைய வழிகாட்டி ஒன்று சொல்லும், செயலி வேறொன்று சொல்லும். மாகாணத்தை விட்டுவிட்டு ஊர்ப் பெயரையும் வரைபடப் புள்ளியையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு

நான் சைவம், அவர் இல்லை. ‘வெஜிடேரியன்’ என்று கேட்டு, காய்கறி மட்டும் போட்டு, மீன் சாஸ் ஊற்றிக் கொடுத்ததை இரண்டு முறை வாங்கினேன். தப்பு அவர்களுடையது இல்லை, அங்கே மீன் சாஸ் நம் உப்பு மாதிரி. கேட்க வேண்டிய சொல் ‘சாய்’. பௌத்தர்களின் சைவ உணவுக்கு அதுதான் பெயர். ‘கொம் சாய்’ (cơm chay) என்று எழுதிய சின்னச் சாப்பாட்டுக் கடைகள் ஹுவேயில் நிறைய. சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் ஊரில் பலர் சைவம் சாப்பிடுவதால் அன்று இன்னும் எளிது. அந்த எழுத்தைப் போனில் படமாக வைத்துக்கொண்டு காட்டினால் போதும். அசைவக்காரர்கள் கடல் உணவை எடைக்கு விற்கும் கடையில், சமைக்கும் முன் எடையையும் விலையையும் கால்குலேட்டரில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

நுழைவுக் கட்டணத்தை மிச்சம் பிடிப்பது

ஹோய் ஆன் வரை வந்துவிட்டு, வண்டிச் செலவும் டிக்கெட்டும் அதிகம் என்று மீ சோன் கோயில்களைத் தவிர்த்த ஜோடிகளைச் சந்தித்தேன். கடற்கரை நம்மிடமும் இருக்கிறது, மீ சோன் இல்லை. 40 கிலோமீட்டர் உள்ளே, மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில், இந்தப் பகுதியை ஆண்ட சம்பா அரசர்கள் நான்காம் நூற்றாண்டு தொடங்கிப் பல நூற்றாண்டுகள் சிவனுக்கு எழுப்பிய செங்கல் கோயில்கள். 1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் பெரிய கோபுரம் ஒன்று நொறுங்கிப்போனது. இன்றும் கோயில்களுக்கு நடுவே குண்டு விழுந்த பள்ளங்கள் புல் மூடிக் கிடக்கின்றன. இந்தியத் தொல்லியல் துறையினர் அங்கே சீரமைப்பு செய்துகொண்டிருந்தபோது, 2020இல் ஒரே கல்லில் செதுக்கிய ஒன்பதாம் நூற்றாண்டு லிங்கம் ஒன்று மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது.

எட்டு மணிக்கு மேல் சுற்றுலா பஸ்கள் வரத் தொடங்கிவிடும், வெயிலும் தாங்காது. விடியும் முன்னே ஹோய் ஆனிலிருந்து கிளம்பினால் கூட்டம் வருவதற்குள் பார்த்து முடிக்கலாம். காருக்கு ஆகும் செலவை விடுதியில் இருக்கும் இன்னொரு ஜோடியோடு பகிர்ந்துகொள்ளுங்கள். நாங்கள் அப்படித்தான் போனோம்.