‘பங்களாதேஷி’ என்று சத்தம் கேட்டால்: எல்லையோர ஊர்களுக்கு ஒரு கையேடு

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் வாளையாறு தொடங்கி வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் வரைக்கும் வடக்கிலிருந்து வந்த எல்லாருக்கும் ஒரே பெயர்தான்: பெங்காலி. ஒடிசாக்காரரும் பெங்காலி, பீகார்க்காரரும் பெங்காலி. அந்தச் சொல்லிலிருந்து ‘பங்களாதேஷி’க்குத் தாவ ஒரு நொடி போதும். 2025 டிசம்பரில் வாளையாறு பக்கம் அட்டப்பள்ளத்தில், வேலை தேடி வந்த சத்தீஸ்கர் தொழிலாளி ஒருவரைத் திருடன் என்று சந்தேகப்பட்டுப் பிடித்து, ‘நீ பங்களாதேஷியா’ என்று கேட்டுக் கேட்டு அடித்தே கொன்றார்கள்.

பங்களாதேஷிலிருந்து சட்டவிரோதமாக எல்லை தாண்டி வந்தவர்களே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. 2025 ஜனவரியில் எர்ணாகுளம் மாவட்டம் வடக்கு பறவூரில் 27 பங்களாதேஷியரைப் போலீஸ் கைது செய்தது. பிடித்தது விசாரணை, கூட்டம் அல்ல. ஒருவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பது தெருவில் நின்று தீர்க்கிற காரியமே இல்லை. தெருவில் நிற்பவர்கள் செய்ய வேண்டியது வேறு. அதைத்தான் கீழே எழுதியிருக்கிறோம்.

வாட்ஸ்அப் குரூப்பில் வீடியோ வந்தவுடன்

‘பங்களாதேஷி’ என்று பயமுறுத்தும் வீடியோ பெரும்பாலும் இரவு எட்டு, ஒன்பது மணிக்கு வரும். முதலில் அனுப்பியவரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள்: நேரில் பார்த்தது யார், எந்த இடம், எத்தனை மணிக்கு? ‘இன்னொரு குரூப்பில் வந்தது’ என்று பதில் வந்தால் அது தகவல் இல்லை. மெசேஜின் மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால் பல கை மாறி வந்தது என்று அர்த்தம்.

அட்மினாக இருப்பவர் அதை அழிக்கும் முன் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டும். அனுப்பியவர் எண்ணும் நேரமும் அதில் தெரிய வேண்டும். பலரும் இங்கேதான் தவறுகிறார்கள்: பதறிப்போய் அழித்துவிட்டு, பிறகு ஸ்டேஷனில் காட்ட ஒன்றும் இல்லாமல் நிற்கிறார்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்த பின் எல்லாருக்குமாக அழித்துவிட்டு, அட்மின் மட்டும் பதிவிடும்படி ஒரு மணி நேரம் குரூப்பை மாற்றி வையுங்கள்.

அடுத்து வீடியோவைச் சத்தமில்லாமல் ஒரு முறை, காதில் இயர்போன் வைத்து ஒரு முறை பாருங்கள். கடைப் பலகை, பஸ், வண்டி நம்பர் தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள். பாலக்காடு வண்டி கேஎல் 09, சித்தூர் கேஎல் 70. மேற்கு வங்க வண்டி என்றால் ஆங்கிலத்தில் டபிள்யூபி (WB) என்று தொடங்கும். பங்களாதேஷ் வண்டியில் எழுத்து, எண் இரண்டும் வங்க லிபியிலேயே இருக்கும். பலகையில் உள்ளது வங்காளமா அசாமியமா என்று பார்க்க ‘ர’ எழுத்து உதவும்: வங்காளத்தில் அதன் அடியில் ஒரு புள்ளி, அசாமியத்தில் எழுத்துக்குள்ளேயே ஒரு சாய்ந்த கோடு. ‘நம்ம ஊரில் நேற்று நடந்தது’ என்று வந்த வீடியோவில் இவற்றில் ஒன்று தெரிந்தாலே பொய் அம்பலமாகிவிடும்.

ஒன்றும் தெரியாவிட்டால் முகமோ கட்டடமோ தெளிவாக இருக்கும் மூன்று நான்கு இடங்களில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கூகுள் லென்ஸில் தேடுங்கள். வீடியோ மேல் ஒட்டியிருக்கும் எழுத்தை வெட்டிவிட்டுத் தேட வேண்டும். இல்லையென்றால் லென்ஸ் படத்தை விட்டுவிட்டு அந்த எழுத்தைத் தேடி, அதே வதந்தியை உங்களிடம் திருப்பிக் கொடுக்கும். கிடைப்பவற்றில் எது மிகப் பழையது என்று பாருங்கள். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று பரவிய வீடியோக்கள் வேறு காரணங்களுக்காக நடந்த, சில வேறு மாநிலங்களில் நடந்த சம்பவங்கள்தான். அதற்குள் பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே தமிழ்நாட்டுக்கு அனுப்ப வேண்டி வந்தது.

ஒருவரைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டால்

முதலில் அவசர எண் 112. எல்லையில் போன் எந்த டவரைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. அழைப்பு பக்கத்து மாநிலத்துக்குப் போய்விடலாம். அதனால் எடுத்தவுடனே மாவட்டம், பஞ்சாயத்து, அருகிலுள்ள கோயில் அல்லது பள்ளிவாசல் பெயரைச் சொல்லுங்கள். பிறகு வார்டு மெம்பர், உங்கள் ஸ்டேஷனின் ஜனமைத்ரி (மக்களோடு தொடர்பில் இருக்கும்) போலீஸ்காரர். இந்த எண்கள் ஐந்தாறு பேர் போனில் முன்கூட்டியே இருக்க வேண்டும். எல்லைத் தகராறு சொல்லி எந்த ஸ்டேஷனும் புகாரைத் தள்ள முடியாது. நடந்த இடம் எதுவானாலும் எஃப்ஐஆர் போட வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173ஆம் பிரிவு சொல்கிறது.

கூட்டத்தின் நடுவில் போய் ‘இவன் நல்லவன், விடுங்க’ என்று கத்தாதீர்கள். கோபம் உங்கள் பக்கம் திரும்பும், அவரைக் காப்பாற்றவும் ஆள் இருக்காது. ‘போலீஸ் கிளம்பியாச்சு, அதுவரைக்கும் உக்கார வைங்க’ என்பது வேலை செய்யும் வாக்கியம். அடிப்பதற்கு ஓங்கிய கைக்கு வேறு வேலை கொடுப்பதும் பலிக்கும்: ‘தம்பி, நீ ரோட்டுக்குப் போய் ஜீப்புக்கு வழி காட்டு’, ‘அண்ணா, ஒரு சேர் எடுத்துட்டு வாங்க’. முடிந்தால் பக்கத்துக் கடைக்குள் உட்கார வைத்துப் பாதி ஷட்டரை இறக்குங்கள். முழுதாக இறக்கினால் உள்ளே என்னமோ நடக்கிறது என்று வெளியே வெறி ஏறும்.

கட்டக் கூடாது. செல்போனைப் பிடுங்கி நோண்டக் கூடாது. ஆதார் கேட்டு விசாரணை நடத்தவும் கூடாது. புரியாத மொழியில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் கேட்டால் எவரும் திணறுவார். அந்தத் திணறலைத்தான் ‘முழிக்கிறான் பாரு’ என்பார்கள். இந்தியில் ‘டரியே மத், பைட்டியே’ (பயப்படாதீங்க, உக்காருங்க) என்று சொன்னால் முகம் மாறுவதைப் பார்க்கலாம். மொழி தெரிந்த மேஸ்திரி ஒருவரைப் போனில் ஸ்பீக்கரில் போடுங்கள்.

‘பிடித்துக் கொடுக்க எங்களுக்கு உரிமை இருக்கு’ என்று சிலர் சொல்வார்கள். அதே சன்ஹிதாவின் 40ஆம் பிரிவு தனி ஆளுக்குத் தருவது மிகச் சின்ன உரிமை: ஜாமீனில் விட முடியாத கடுங்குற்றத்தைத் தன் கண் முன்னால் செய்கிறவரையோ, நீதிமன்றம் அறிவித்த தேடப்படும் குற்றவாளியையோ பிடித்து, தாமதமில்லாமல், அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள் போலீஸில் ஒப்படைக்கலாம். குடியுரிமை கண்ணுக்குத் தெரியாது. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஒருவரைப் பிறந்த இடம், மொழி, சமூகம் போன்ற காரணத்துக்காகக் கொன்றால் பாரதிய நியாய சன்ஹிதா (தண்டனைச் சட்டம்) 103(2)படி ஆயுள் அல்லது மரண தண்டனை.

அடி விழுந்துவிட்டதென்றால் 108. ரத்தம் தெரியவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். தலையிலும் வயிற்றிலும் விழுந்த அடி வெளியே காட்டாது. சாப்பிடக் கொடுக்க வேண்டாம், தூங்கட்டும் என்று தனியே விடவும் வேண்டாம்.

வீடியோ எடுத்தவர் அதை எந்தக் குரூப்பிலும் போடக் கூடாது, அழிக்கவும் கூடாது. போலீஸுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள்; சாதாரணமாக அனுப்பினால் சுருங்கித் தரம் போய்விடும். மூல வீடியோ எடுத்த போனிலேயே இருக்கட்டும். 2018 பிப்ரவரியில் அட்டப்பாடியில் மது என்ற ஆதிவாசி இளைஞரை அடித்துக் கொன்ற வழக்கில் இருபதுக்கும் மேற்பட்ட சாட்சிகள் பிறழ்ந்தார்கள். அப்படியும் 2023 ஏப்ரலில் 13 பேருக்கு 7 ஆண்டு கடுங்காவல் கிடைத்தது. பார்த்ததைச் சொல்ல முன்வருபவர், சீக்கிரமே மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம் பதிவு செய்யும்படி கேட்பது நல்லது.

வாடகைக்கு விடுபவரும் காண்ட்ராக்டரும்

அமைதியான நாளில் செய்ய வேண்டிய வேலை இது. லைன் வீட்டில் ஆள் வந்த அன்றே பெயர், சொந்த ஊர், போலீஸ் ஸ்டேஷன், வீட்டில் ஒருவரின் எண், ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் எண் ஆகிய ஐந்தையும் நோட்டில் எழுதி, அந்த எண்ணுக்கு அவர் முன்னாலேயே ஒரு அழைப்பு போடுங்கள். கேரளத் தொழிலாளர் துறையின் அதிதி போர்ட்டலில் அவரைப் பதிந்தால் தனி அடையாள எண் கிடைக்கும். ஆதார் நகல் வாங்கினால் அதன் மேல் எதற்காக, எந்தத் தேதியில் வாங்கியது என்று குறுக்கே எழுதிவிடுங்கள். கையில் தரும் அட்டையைக் கண்ணால் பார்த்து நம்ப வேண்டாம்; அதிலுள்ள க்யூஆர் கோடை ஆதார் செயலியில் ஸ்கேன் செய்து, வரும் படமும் பெயரும் அட்டையோடு ஒத்துப்போகிறதா பாருங்கள்.

ஆதார் குடியுரிமைச் சான்று இல்லை. ஆதார் சட்டமே அப்படிச் சொல்கிறது. அதனால் ஆதார் இருக்கிறது என்பதால் இந்தியர் என்றும், இல்லை என்பதால் அந்நியர் என்றும் இரண்டு பக்கமும் முடிவு கட்ட முடியாது. வாக்காளர் அட்டை எண்ணைத் தேர்தல் ஆணைய இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம். பெயரும் தொப்பியும் பேச்சும் ஒன்றையும் காட்டாது. மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத், மால்டா மாவட்டங்கள் பங்களாதேஷ் எல்லையை ஒட்டியவை. இரு பக்கமும் ஒரே மொழி, ஒரே மாதிரிப் பெயர்கள். கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நாம் பேசுவது ஒரே தமிழ்தானே? பாலக்காடு புதுநகரத்து ராவுத்தர் முஸ்லிம் ஒருவர் வீட்டில் தமிழ் பேசுகிறார் என்பதற்காக அவரைக் கேரளத்துக்காரர் இல்லை என்று ஒருவன் சொன்னால் நமக்கு எவ்வளவு கோபம் வரும்.

உண்மையிலேயே சந்தேகப்பட இடம் இருந்தால்? ஒரே படம் இரண்டு பெயரில், எல்லாருடைய அசல் காகிதங்களும் ஏஜென்ட் கையில், வீட்டுக்குப் பேசவே விடாமல் வைத்திருப்பது: இவை சொல்ல வேண்டிய விஷயங்கள். எழுதி இரண்டு நகல் எடுத்து, ஸ்டேஷனில் கொடுத்து, ஒன்றில் ரசீது வாங்குங்கள். குரூப்பில் பெயர் போடாதீர்கள். தப்பிக்கப் பார்ப்பவன் ஏஜென்ட், அவன் முதலில் படித்துவிடுவான். வெளிநாட்டவர் என்று தெரிந்தே தங்க வைப்பவர் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிய வேண்டும். சி ஃபார்ம் என்று வழக்கமாகச் சொல்வது அதைத்தான். 2025 செப்டம்பர் 1 முதல் அமலில் இருக்கும் புதிய குடியேற்றச் சட்டப்படி, பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமல் நுழைந்தவருக்கு 5 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம்.

தொழிலாளியைப் போலீஸ் கூட்டிப்போனால்

காண்ட்ராக்டர் அன்றே ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். கைதா, விசாரணையா என்று கேளுங்கள். கைது என்றால் காரணம் சொல்ல வேண்டும், உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இலவச வக்கீலுக்கு 15100. வெளிநாட்டவர் என்று சொல்லும் வழக்கில் இந்தியர் என்று நிரூபிக்கும் சுமை அவர் தலையில்தான் என்பதால், பள்ளிச் சான்று, பெற்றோரின் பழைய வாக்காளர் பட்டியல், நிலப் பட்டா எல்லாவற்றையும் ஊரிலிருந்து படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவருக்குப் பிறப்பே பொதுவாகப் போதும். அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரின் காகிதமும் வேண்டும். தாமதத்தின் விலை பெரிது. 2025இல் தில்லியில் பிடிபட்ட மேற்கு வங்கக் குடும்பம் ஒன்று எல்லைக்கு அப்பால் தள்ளப்பட்டது. அதிலிருந்த கர்ப்பிணிப் பெண்ணும் மகனும் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போன பிறகு, டிசம்பரில்தான் திரும்ப முடிந்தது.

போராட்டம் என்று கிளம்பினால்

அநியாயம் நடந்திருந்தால் போராட வேண்டியதுதான். ஆனால் ஹர்த்தாலுக்கு (கடையடைப்புக்கு) 7 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 ஜனவரியில் உத்தரவிட்டது. 2022 செப்டம்பரில் திடீர் ஹர்த்தால் நடத்திப் பஸ்களை உடைத்ததற்கு, அழைத்த அமைப்பு 5.2 கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்றது. கல் எறிந்தவனோடு சேர்த்து, கூட்டத்தில் நின்றவர் மேலும் வழக்கு வரும். வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். இருபது பேருக்கு ஒரு தொண்டர் வீதம் நில்லுங்கள். எங்கிருந்தாவது கல் பறந்தால் எல்லாரும் அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும். நிற்பவன் யார் என்று அப்போது தெரியும். ஜமாஅத்தையும் கோயில் கமிட்டியையும் ஒன்றாக ஸ்டேஷனில் உட்கார வைப்பது கூட்டத்துக்கு முந்தைய நாள் நடக்க வேண்டும். 2022 ஏப்ரலில் பாலக்காட்டில் அடுத்தடுத்த நாட்களில் இரண்டு அரசியல் கொலைகள் நடந்தபோது, பைக்கில் பின்னால் ஆண்கள் உட்காரவே தடை போடும் அளவுக்கு நிலைமை போனதை இந்த மாவட்டம் மறந்திருக்காது.

வதந்தி பொய் என்று தெரிந்துவிட்டால், மறுப்பை அதைப் போட்டவரே அதே குரூப்பில் போட வேண்டும்: ‘நான் அனுப்பியது பழைய வீடியோ, நம் ஊர் இல்லை, யாருக்காவது அனுப்பியிருந்தால் இதையும் அனுப்புங்கள்’. பிறகு இரண்டு பேர் மேஸ்திரியோடு லைன் வீடுகளுக்கு அன்று இரவே போய் வாருங்கள். அந்த வீடியோ அவர்கள் போனுக்கும் போயிருக்கும்; விடிந்தால் பை கட்டிக்கொண்டு ரயில்வே ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிடுவார்கள். மெம்பர் எண்ணையும் ஜனமைத்ரி எண்ணையும் ஒரு அட்டையில் இந்தியிலும் வங்காளத்திலும் எழுதி, கதவுக்குப் பின்னால் ஒட்டிவிட்டு வாருங்கள்.