144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 60 ஃபிரேம் கேம் ஏன் வெட்டி வெட்டி ஓடுகிறது?

பழைய 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் வழுக்கிக்கொண்டு போன கேம், புதிய 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் திக்கித் திக்கி நகர்ந்தால், மானிட்டரைத் திருப்பி அனுப்ப அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் கோளாறு வகுத்தல் கணக்கில்தான் இருக்கும்.

144 ஹெர்ட்ஸ் திரை நொடிக்கு 144 தடவை, அதாவது 6.94 மில்லி செகண்டுக்கு ஒருமுறை, புதுப்பிக்கப்படுகிறது. கேம் தருவதோ நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படங்கள். 144ஐ 60ஆல் வகுத்தால் 2.4. வி-சிங்க் (திரை புதுப்பிக்கும் நேரத்தில் மட்டும் படத்தை மாற்றும் வசதி) போட்டிருக்கும்போது ஒரு ஃபிரேமை 2.4 தடவை காட்ட வழியில்லை. இரண்டு தடவை அல்லது மூன்று தடவைதான். எனவே ஒரு ஃபிரேம் 13.9 மில்லி செகண்ட் நிற்கும், இன்னொன்று 20.8. கேமராவை நீங்கள் சீராகத் திருப்பினாலும் கண் இந்த ஏற்ற இறக்கத்தைப் பிடித்துவிடும். வி-சிங்கை அணைத்தால் திரை குறுக்கே கிழிந்ததுபோல் தெரியும். எல்டன் ரிங் இதற்கு நல்ல உதாரணம்: கணினியில் எவ்வளவு பெரிய கிராஃபிக்ஸ் கார்டு போட்டாலும் அந்த கேம் 60 ஃபிரேமைத் தாண்டாது.

முதலில் விண்டோஸில் டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய், ரிஃப்ரெஷ் ரேட் உண்மையிலேயே 144இல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மானிட்டரின் சொந்த மெனுவில் ஃப்ரீசிங்க் அல்லது அடாப்டிவ் சிங்கை ஆன் செய்யுங்கள். கேமின் வேகத்துக்கு ஏற்பத் திரையின் ரிஃப்ரெஷ் ரேட்டை மாற்றும் வசதி இது. என்விடியா கார்டு என்றால் டிஸ்ப்ளேபோர்ட் கேபிளே பாதுகாப்பான தேர்வு. என்விடியா கன்ட்ரோல் பேனலில் அதே வேலையைச் செய்யும் ஜி-சிங்கையும் இயக்க வேண்டும். இப்போது ஃபிரேம் தயாரானதும் திரை புதுப்பிக்கப்படும். வகுத்தல் சிக்கலே இல்லை. வேகமாக ஓடும் கேம்களுக்கு 141 ஃபிரேமில் கேப் (உச்ச வரம்பு) வையுங்கள். 144ஐத் தொட்டால் மறுபடி வி-சிங்க் புகுந்து மவுஸ் கனமாகும்.

ஃப்ரீசிங்குக்கு எல்லை உண்டு. 48 முதல் 144 ஹெர்ட்ஸ் வரை ஃப்ரீசிங்க் இயங்கும் மானிட்டரில் கேம் 40 ஃபிரேமுக்கு இறங்கினால், டிரைவர் ஒவ்வொரு ஃபிரேமையும் இருமுறை காட்டித் திரையை 80 ஹெர்ட்ஸில் ஓட்டும். மேல் எல்லை கீழ் எல்லையைப்போல் இரு மடங்காவது இருந்தால்தான் இது நடக்கும். 48 முதல் 75 வரை மட்டுமே உள்ள மலிவு மானிட்டர்களில் 48க்குக் கீழே போனதும் பழைய திக்கல் திரும்பிவிடும். வாங்குவதற்கு முன் இந்த இரண்டு எண்களையும் பாருங்கள். பெட்டியில் உள்ள ஃப்ரீசிங்க் முத்திரை மட்டும் போதாது.

ஃப்ரீசிங்க் இல்லையா? மீதியில்லாமல் வகுபடும் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். 60 ஃபிரேம் கேமுக்கு மானிட்டரை 120 ஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள். ஒவ்வொரு ஃபிரேமும் சரியாக இருமுறை வரும். 144இல் நிறுத்த வேண்டுமென்றால் கேப் 72, 48 அல்லது 36. 165 ஹெர்ட்ஸில் 55. கேப் வைக்க ரிவாடியூனர் என்ற மென்பொருள் நம்பகமானது. 55க்கும் 70க்கும் இடையே அலையும் கேமை அப்படியே விடுவதைவிட 48இல் கட்டிப்போடுவது கண்ணுக்கு இதம். 120 ஹெர்ட்ஸில் 40 ஃபிரேம் இன்னும் நல்ல இடம்: ஃபிரேமுக்கு 25 மில்லி செகண்ட், அதாவது 30க்கும் 60க்கும் நேர நடுவில். பிஎஸ்5இல் ராட்செட் அண்ட் கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட்டுக்கு 2021இல் வந்த 40 ஃபிரேம் மோட் இந்தக் கணக்கில்தான் இயங்குகிறது.

இவ்வளவும் செய்தபின்னும் 30 ஃபிரேம் கரடுமுரடாகத் தெரிந்தால், அதற்குக் காரணம் பேனலின் (மானிட்டரின் திரைத் தகடு) வேகம். நொடிக்கு 960 பிக்சல் நகரும் பொருள், 30 ஃபிரேமில் ஒவ்வொரு தடவையும் 32 பிக்சல் தாவுகிறது. பழைய எல்சிடியின் மெதுவான பிக்சல்கள் அந்தத் தாவலை இழுத்துப் பூசி மறைத்தன. ஓஎல்இடி பிக்சல் கண நேரத்தில் மாறுவதால் தாவல் பளிச்சென்று தெரிகிறது. இங்கே கேமின் மோஷன் பிளரை (அசைவை மங்கலாக்கும் அமைப்பு) கொஞ்சம் ஏற்றுங்கள். மவுஸை விட்டு கன்ட்ரோலரில் ஆடினால் கேமரா மெதுவாகத் திரும்பும், தாவலும் சிறுக்கும். பேக்லைட்டை (திரையின் பின்விளக்கு) அணைத்து அணைத்து ஒளிரச் செய்யும் பிளர் குறைப்பு வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள்: 120 ஹெர்ட்ஸில் 60 ஃபிரேம் ஓடும்போது அதே படம் இருமுறை மின்னும், கண் அதற்குள் நகர்ந்திருக்கும், ஓரங்கள் இரட்டையாகத் தெரியும்.

ஃபிரேம் ஜெனரேஷனை (உண்மையான ஃபிரேம்களுக்கு இடையே செயற்கை ஃபிரேம்களைச் சேர்க்கும் வசதி) 30இலிருந்து தொடங்காதீர்கள். படம் வழுக்கும், கை மட்டும் பின்தங்கும். அடிப்படை 60 ஆவது இருக்கட்டும்.